குண்டு மெஷினுக்குக் காயில் கட்டியவள்

மோட்டார் காயில் கட்டுகிறவளுக்கு முதல் எதிரி கரண்ட் இல்லை, "சாப்பிட்டாச்சா?" என்று அன்பாக விசாரிக்க வருகிற ஆள்தான். இருநூற்றுப் பதினெட்டாவது சுற்றில் கை போய்க்கொண்டிருக்கும்போது தலை நிமிர்ந்து பதில் சொன்னால் எண்ணிக்கை போச்சு. அத்தனையும் பிரித்து முதலிலிருந்து சுற்ற வேண்டும். பூக்கட்டுகிறவர்கள், ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள், மாத்திரை எண்ணிப் போடுகிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் கோமதி. பாகூரில் எங்கள் கடை. நான் காயில் கட்டுவேன், என் வீட்டுக்காரர் முருகவேல் பேரிங்கும் ஷாஃப்டும் பார்ப்பார். சுற்றுவட்டாரத்தில் நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டாரில் பாதி என் கை பட்டதுதான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் இப்போது ஊர் ஊராக என்னைத் தெரிவது "குண்டு மெஷின்காரம்மா" என்றுதான். பின்பால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சாய்ந்த மேசை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடுகிற இரும்புக் குண்டு. கீழே உருண்டு வரும்போது இரண்டு குட்டைக் கைகளால் தட்டி மேலே அனுப்ப வேண்டும், நடுச்சந்தில் விழுந்தால் போச்சு. ஆட்டத்துக்கு மூன்று குண்டு. அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவிழா திருவிழாவாகப் போகிறேன். ஒருநாள் போலீஸ் வந்து இது சூதாட்டம் என்று சொல்லி, மெஷினே பறிபோக இருந்தது. அந்தக் கதைக்குப் போவதற்குள் மெஷினை உங்களுக்குக் கொஞ்சம் பழக்கிவிடுகிறேன்.

உள்ளே என் சொந்தக்காரர்கள்

ஒதியம்பட்டில் பிரான்ஸ்காரர் வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரான்ஸில் ஓட்டல் சமையலில் முப்பது வருஷம் நின்று, ஓய்வு வாங்கி, சாமான்களைக் கப்பலில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியவர். சாமான்களில் ஒன்று இந்த மெஷின். கப்பல் குலுக்கலில் செத்துப்போய் வந்திருந்தது. டி.வி. மெக்கானிக் பார்த்துவிட்டு போர்டு போச்சு என்றாராம். ஏ.சி. மெக்கானிக் பார்க்காமலே அதையே சொன்னாராம். நான் போனது அவர் தோட்டத்து மோட்டாருக்கு. "வந்தது வந்துட்ட, இதையும் ஒரு பார்வ பாத்துடும்மா" என்றார்.

மேசையைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனையும் காயில்! மேலே படமும் விளக்கும் போட்டு மிரட்டுகிறதே தவிர, அடியில் தட்டுவது, தள்ளுவது, உதைப்பது எல்லாமே கம்பி சுற்றிய காயில் இரும்பை இழுக்கிற வேலைதான். கைக்கு இருக்கிற காயிலில் மட்டும் ஒரு நுட்பம். ஒரே உருளையில் இரண்டு கம்பி. தடிமனான கம்பி ஒரு அடி அடித்துவிட்டு விலகிக்கொள்ளும், மெல்லிசுக் கம்பி தூக்கிய கையைத் தாங்கிப் பிடிக்கும். விலக வேண்டியது விலகாமல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் எரிந்துபோகும். அப்படித்தான் எரிந்திருந்தது. எரிந்ததைப் பிரித்து எண்ணி, புதிதாகச் சுற்றி, நாலாவது நாள் பட்டனை அமுக்கினால் 'டப்' என்று கை எழுந்து நின்றது. அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

அடுத்த வருஷமே அவரும் அவர் சம்சாரமும் மகனோடு இருக்க மறுபடி பிரான்ஸுக்குக் கிளம்பினார்கள். கிளம்புகிற அன்று மெஷினை என் கடைக்கே அனுப்பிவிட்டு, பின்னாலேயே வந்து நின்றார். "பூட்டி மட்டும் வெச்சிடாதம்மா, நாலு பேரு ஆடணும். நான் போன் போட்டுக் கேப்பேன்."

குண்டுக்கும் பொட்டு

கடைக்கு வந்த நாளாக மெஷின் ஒரு சங்கடம் கொடுத்தது. எப்படி அடித்தாலும் குண்டு இடது ஓரத்துச் சந்தில் போய் விழும். இடது கைக்குப் புதுக் காயில் போட்டேன், ரப்பர் மாற்றினேன், ஸ்பிரிங் மாற்றினேன். விழுந்துகொண்டே இருந்தது. நான் கட்டின காயிலில் குறை என்று என் வாயாலேயே சொல்ல வேண்டி வருமோ என்று ராத்திரி தூக்கம் கெட்டது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஸ்பேனர், லேத், தராசு, மோட்டார் பைக் என்று எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைக்கிறவர். கண்ணாடியைக் கழற்றி, மெஷினில் முக்கியமான ஆயுதம் எது என்று யோசித்து, குண்டுக்கே வைத்துவிட்டார். காயாத சந்தனம். படையல் முடிந்ததும் ராசிக்கு ஒரு ஆட்டம் என்று குண்டைத் தட்டியும் விட்டார். போன வழியெல்லாம் குண்டு சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டே போனது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பொட்டெல்லாம் வளைந்து வளைந்து இடது பக்கமே போயிருந்தது. நேராகப் போக வேண்டிய இடத்திலும் இடதுதான். காயிலில் ஒரு குறையும் இல்லை, கடைத் தரை சாக்கடைப் பக்கம் வாட்டமாகப் போட்டது!

ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களைச் சரி செய்தோம். நாலு காலிலும் அடியில் திருகு உண்டு. பின்காலை ஏற்றினால் குண்டு வெறிபிடித்து ஓடும், இறக்கினால் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நிதானமாக வரும். மெஷினில் பெரிய ரகசியமே அந்தத் திருகுதான். சந்தனத்தைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர் காலை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "சாமி கும்புட்டா வழி காட்டும்னு சொன்னேன், நீ எங்க கேட்ட?"

எவ்வளவு ஆட்டலாம்

வீராம்பட்டினம் தேருக்குப் போனபோது மணலில் கால் புதைந்தது. நாலு காலுக்கும் கடப்பாக்கல் துண்டு போட்டு நிறுத்தினோம். கூட்டம் அள்ளியது. ஆனால் வந்த வாலிபர்கள் எல்லாம் குண்டு சந்துப்பக்கம் போனதும் மெஷினைப் பிடித்து உலுக்குவார்கள். உலுக்கினால் விளக்கெல்லாம் அணைந்து, கை செத்து, குண்டு பறிபோகும். ஏமாற்று வேலை என்று சத்தம் போடுவார்கள். ஏமாற்றெல்லாம் ஒன்றுமில்லை. உள்ளே ஒரு வளையத்துக்கு நடுவில் கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது. அது ஆடி வளையத்தைத் தொட்டால் ஓடுகிற குண்டு போச்சு. தொடாத அளவுக்குத் தட்டலாம், அது சட்டப்படி சரி.

பவுனம்மா என்று மீன் விற்கிற அம்மா. திருவிழாவுக்குக் கட்டின பட்டுப் புடவையோடு வந்து நின்றார். குண்டு ஓரம் போகும்போதெல்லாம் இடுப்பால் ஒரு இடி, அவ்வளவுதான். குண்டு மனசு மாறி இந்தப் பக்கம் வந்துவிடும். ஒரு தடவைகூட விளக்கு அணையவில்லை. இரண்டு வருஷமாகப் பழகியும் எனக்கு வராத வித்தை. எப்படிம்மா என்று கேட்டேன். "அன்னக்கூடைய தலையில வெச்சிக்கினு டவுன் பஸ்ல நின்னுக்கினே போறவ நானு. எவ்ளோ ஆட்னா இன்னா கவுரும்னு எனக்குத் தெரியாதா?"

டொக்

புள்ளியில் நல்ல எண்ணிக்கை எடுத்தால் மெஷின் ஒரு ஆட்டம் இலவசமாகத் தரும். தருவதை மரியாதையாகச் சொல்லாது. உள்ளே ஒரு காயில், இரும்புத் துண்டால் பெட்டியை ஓங்கி ஒரு அடி அடிக்கும். டொக்! பக்கத்து ராட்டினத்தில் இருக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த ஒரு சத்தத்துக்காகவே மறுபடி மறுபடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். போன் விளையாட்டில் எவ்வளவு வெடித்தாலும் உள்ளங்கையில் அதிராது. இது அதிரும்.

வில்லியனூர்த் திருவிழாவில் ஒரு கரும்பு விவசாயி, குடும்பத்தோடு வந்தவர், முதல் ஆட்டத்திலேயே அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டார். டொக்! மனிதர் ஏதோ உடைத்துவிட்டோம் என்று நினைத்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கூட்டத்துக்குள் புகுந்து நடையைக் கட்டினார். நான் பின்னாலேயே "ஐயா, நில்லுங்க!" என்று கத்த, அவர் இன்னும் வேகமாகப் போக, கடைசியில் வளையல் கடையில் நின்ற அவர் சம்சாரம்தான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தோத்துட்டு ஓடறவன பாத்துக்கீறேன். ஜெயிச்சிட்டு ஓடற ஆளு எனக்கு வாச்சிது பாரு!"

பின்கால் இரண்டு சுற்று

இப்போது அந்த நாள். ஊர் பெயர் வேண்டாம். மத்தியானம், கூட்டம் இன்னும் சேரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார், கூடவே சிவப்புத் தொப்பி ஏட்டு ஒருவர். ஊர்க்காரர் யாரோ பெட்டிசன் கொடுத்திருக்கிறாராம், இது சூதாட்ட மெஷின், உள்ளே ஏதோ ஒளித்து வைத்து ஏமாற்றுகிறாள் என்று. விழாக் குழுத் தலைவர் என் காதோரம் வந்து, "வம்பு வேணாம் தங்கச்சி, ஏத்திக்கினு கெளம்பிடு" என்றார். கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒரு ஊரில் சூதாட்டம் என்று ஓடிவந்தால் அடுத்த ஊரில் யார் இடம் கொடுப்பார்கள்? மெஷின் கடை மூலையில் சாக்கு போர்த்திக்கொண்டு கிடக்கும். பிரான்ஸ்காரர் போன் போட்டால் என்ன சொல்வேன்? அதைவிட, என் கையால் சுற்றிய மெஷினைத் திருட்டு மெஷின் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

"தெறந்து காட்றேன் சார்" என்றேன். திறந்தேன். காயில் காயிலாகக் காட்டினேன். தூக்குக்குண்டைக் காட்டினேன். "வேற இன்னா ஒளிச்சி வெச்சிருக்க?" என்றார். முன்கதவுக்கு உள்ளே நாலு பட்டன் இருக்கிறது. இலவச ஆட்டத்துக்கு எவ்வளவு எண்ணிக்கை என்பதையெல்லாம் மாற்றுகிற பட்டன். வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். மிதித்தும் காட்டிவிட்டேன். "ஆங்!" என்று சப்-இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. கதவைப் பூட்டி, சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே வெச்சிக்குங்க சார். இனிமே என்னால ஒண்ணும் மாத்த முடியாது. எல்லாம் ஆடறவங்க தெறமைதான்." சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "செரி, தெறமைனு சொல்றியே, ஆடிக் காட்டு" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் ஆடியதில்லை. மூன்று குண்டும் ஒன்றன் பின் ஒன்றாக நடுச்சந்தில் போய் விழுந்தன. ஏட்டு சிரித்தேவிட்டார்.

"நீங்களே ஆடிப் பாருங்க சார்" என்றேன், வேறு வழி தெரியாமல். அவர் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் ஸ்பேனரை என் கையில் திணித்து முணுமுணுத்தார்: "பின்கால ரெண்டு சுத்து எறக்கிடு. மெதுவா வரும், மனுசன் நல்லா ஆடிடுவாரு." நல்ல யோசனைதான். அவரிடம் சாவி இருந்து என்ன, கால் திருகு வெளியே அல்லவா இருக்கிறது? குனிந்தேன். ஸ்பேனரைத் திருகில் மாட்டியும்விட்டேன். அப்போதுதான் உறைத்தது: இதைத் திருகினால் பெட்டிசனில் எழுதியிருப்பது உண்மையாகிவிடும். செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணிவிட்டு எழுந்தேன்.

முதல் குண்டு மூன்று விநாடி. இரண்டு கையையும் ஒன்றாக அமுக்கினார், குண்டு நடுவில் நழுவியது. இரண்டாவதில் உலுக்கினார், விளக்கு அணைந்தது. மூன்றாவது வந்த வழியே போனது. என்னை முறைத்தார். போச்சு என்றுதான் நினைத்தேன். "இன்னொன்னு போடு" என்றார். "ஒரு கைய மட்டும் தூக்கிப் புடிங்க சார், குண்டு அதுமேல வந்து ஒக்காரும். அப்புறம் பாத்து அடிங்க" என்றேன். உட்கார்ந்தது. அடித்தார், மேலே மணி அடித்தது. அடுத்த ஆட்டத்துக்குத் தொப்பியைக் கழற்றி ஏட்டிடம் கொடுத்தார். அதற்கடுத்த ஆட்டத்துக்கு வாட்ச்சையும் கழற்றிக் கொடுத்தார். ஐந்தாவது ஆட்டத்தில் முதல் ஆட்டத்தைப் போல இருபது மடங்கு எடுத்திருந்தார். உண்மையைச் சொன்னால் அது பெரிய எண்ணிக்கையே இல்லை, பவுனம்மா ஒரே குண்டில் எடுப்பார்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏட்டிடம் திரும்பினார். "சூதாட்டமெல்லாம் இல்லய்யா. பக்கா தெறமை. மொத ஆட்டத்துக்கும் இதுக்கும் பாத்த இல்ல? அப்டியே எழுது." ஏட்டு இரண்டு கையிலும் தொப்பியும் வாட்ச்சுமாக நின்று, "அப்ப பெட்டிசன் குடுத்தவரு சார்?" என்று கேட்டார். சப்-இன்ஸ்பெக்டர் கண்ணை மெஷினிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார்: "அந்தாளுக்கு ஆடத் தெரியலய்யா!"

இத்தனை திருவிழா சுற்றியதில் இந்த மெஷினைப் பற்றி நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: தோற்றவனுக்கு இது சூதாட்டம், ஜெயித்தவனுக்கு இது திறமை, காயில் எரிந்தால் மட்டும் அது கோமதி தப்பு.