மீன் கழுவிய தண்ணீர்

திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் என்னைத் தெருவே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். குடியிருப்பது முதல் மாடியில். கீழ் வீட்டு அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்பவர். எங்களுக்குப் பொதுவாக இருந்தது மொட்டை மாடியும், அங்கே பாதியாக அறுத்த நீல டிரம்மில் நான் வைத்த கறிவேப்பிலைக் கன்றும்.

நட்டது நான். வளர்த்தது அவர் என்றுதான் சொல்ல வேண்டும். வாரம் இரண்டு முறை மீன் கழுவிய தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு படியேறி வருவார். “கடசியா அலசுன தண்ணி அண்ணாச்சி. உப்பு கெடையாது, செடிக்கு நல்லது” என்பார். இலைமேல் படிந்த ஆலைப் புகைக் கரியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போவார்.

எனக்குப் பொறுமை கிடையாது. கடையில் சரக்குத் தீர்ந்தால் ஃபோன் போடுவேன், மறுநாள் காலை வண்டி வந்து நிற்கும். செடிக்கு ஃபோன் போட முடியாதே. ஆறு மாதமாகியும் கன்று முழங்காலைத் தாண்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடு வைத்திருப்பவர்களுக்காகக் கடையில் போட்டிருந்த கடலைப் புண்ணாக்கை ஒரு பை நிறைய அள்ளிப்போய், வேரடியில் தோண்டித் திணித்து மண்ணை மூடினேன். அந்த அம்மா அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கை கழுவும்போது பெருமையாகக்கூட இருந்தது.

பத்தே நாளில் இலையெல்லாம் பழுத்து உதிர்ந்தது. மொட்டைக் குச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவர் வாளியோடு ஏறி வந்தார்.

“ஏம்மா, அறிவு இருக்கா உனக்கு? மீன் தண்ணிய ஊத்தி ஊத்தியே கொன்னுட்டியே!”

பக்கத்து மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதன்பிறகு அவருடைய கூடை என் கடை வாசலில் இறங்கவில்லை. தினமும் இரண்டு நிமிடம் நின்று ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிறவர், நேராகப் பார்த்தபடி நடந்து போனார். எனக்கென்ன என்று இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மண்ணை வெளியே கொட்டிவிடலாம் என்று டிரம்மைக் கவிழ்த்தேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. புண்ணாக்கு கட்டிகட்டியாகப் புழுத்து, அதைத் தொட்டுக்கொண்டிருந்த வேரெல்லாம் வெந்து கறுத்திருந்தது. ஒரே ஒரு பக்கம் மட்டும் வேர் வெளுப்பாக இருந்தது. அதைக் கழுவி, புது மண்ணில் வைத்தேன்.

உடனே கீழே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். செடி பிழைக்கட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

தினமும் காலையில் கடை திறக்கும் முன் மாடிக்குப் போய் நிற்பேன். தோண்டிப் பார்க்கக் கை பரபரக்கும். பின்னால் கட்டிக்கொள்வேன். நாலு மாதம் வெறும் குச்சி. பிறகு அடியில் ஒரு துளிர் வந்தது. அது கொத்தாக விரிய இன்னும் மூன்று மாதமானது. அவ்வளவு நாள் எதையும் செய்யாமல் நான் சும்மா இருந்தது என் மனைவிக்கே ஆச்சரியம்.

ஒரு நாள் ஒரு கைப்பிடி தழையோடு கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“தப்பு என் மேலதாம்மா. புண்ணாக்கப் போட்டுக் கெடுத்தது நான். உங்களத் திட்டியிருக்கக் கூடாது.”

“தெர்யும்” என்றார் அவர். “துணி காயப்போட்டுகினே பாத்துகினுதான இருந்தேன்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீ கத்திகினு இருந்த. சொன்னா காதுல ஏறுமா? நீயா வருவேன்னு வுட்டுட்டேன்.”

ஏறியிருக்காதுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் தழையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாச்சி, இத்தினி கிள்ளிகினு வந்துகீற? கன்னு இன்னும் சின்னதாதான கீது?”

செடியில் இருந்ததே அவ்வளவுதான்.