நாலாம் மாடி மீட்டர்

என் தங்கையை அவள் வேலை செய்யும் அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லோரும் சாவிக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் ஒரு பெரிய வளையம், வளையம் நிறைய சாவிகள். ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே அவள் படியேறி வருவது காதுக்குத் தெரிந்துவிடும். அத்தனை வீட்டுச் சாவியை இடுப்பில் சுமந்தவளுக்குச் சொந்தமாக ஒரு வீடு அமையவில்லை. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத்து என் தொழில் அல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தண்ணீர் விற்றேன். இன்றைக்கு மூன்று தண்ணீர் லாரிக்கு முதலாளி. சொந்த வீடு இருக்கிறது. பகலெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டு, மாலையில் நானே சித்தாள், நானே கொத்தனார் என்று எழுப்பிய வீடு அது. எவன் வாசலிலும் கடனுக்கு நின்றதில்லை. இதைப் போகிற இடமெல்லாம் சொல்வேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

தங்கையின் வீட்டுக்காரர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். வாய் சும்மா இருக்காது. நான் போய் உட்கார்ந்ததும், “என்ன மச்சான், வந்து இவ்வளவு நேரமாச்சு, வீடு கட்டின கதையை இன்னும் ஆரம்பிக்கல? உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்பார்.

“சொன்னா உனக்காவது புத்தி வருமேன்னு சொல்றேன் மாப்ள. சேர்த்து வெச்சா வீடு தானா வரும்.”

“நாங்களும் சேர்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். நாங்க ஒரு எட்டு வெச்சா விலை பத்து எட்டு வெக்குது. அதுக்கு யாரோ புது டயர் மாட்டி விட்டிருக்காங்க.”

தங்கை சிரிக்க மாட்டாள். “அண்ணே, நீ கட்டுறப்போ ஊர் ஓரத்துல நிலம் சும்மா கெடந்துச்சு. இப்ப ஓரம் எங்க இருக்குன்னு காட்டு, நாங்களும் போறோம்” என்பாள். 

அவர்கள் இருந்தது ஒரே அறை. சமையலும் அதிலேதான், படுக்கையும் அதிலேதான். மகள் பரீட்சைக்குப் படித்தால் மற்ற இருவரும் வாசலில் போய் உட்கார வேண்டும்.

அவள் வேலை என்ன தெரியுமா? ஆள் இல்லாத வீடுகளுக்கு உயிர் கொடுப்பது. அந்தக் கட்டடத்தில் பாதிக்கு மேல் பூட்டு. வாங்கினவர்கள் வேறெங்கோ சௌகரியமாக இருக்கிறார்கள். வாடகைக்கு விட்டால் சுவர் அழுக்காகும், சும்மா கிடந்தாலும் விலை ஏறும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் பூட்டிய வீடு சும்மா கிடக்காது. குளியலறைக் கழிவுக் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றம் மேலே ஏறும், கரப்பான் பின்னாலேயே வரும். காற்று ஓடாத சுவரில் பூஞ்சை படரும். அதனால் வாராவாரம் ஒவ்வொரு வீடாகத் திறந்து, குழாயை ஓடவிட்டு, விளக்கும் விசிறியும் போட்டு, சன்னலைத் திறந்து வைத்து, பிறகு எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும்.

கட்டடத்து மானேஜர் சொன்னது, குழாயைத் திறந்து மூடினால் போதும் என்றுதான். என் தங்கை அரைகுறையாக ஒரு வேலையும் செய்ய மாட்டாள். எங்கள் ரத்தம் அப்படி. ஒரு வீட்டில் விசிறி ஓடும் நேரத்தில் அடுத்த வீட்டைப் பெருக்குவாள். அதிலும் நாலாம் மாடிக் கடைசி வீடென்றால் அவளுக்குத் தனிப் பிரியம். சின்ன வீடு, இரண்டே அறை. அடுப்படி சன்னலில் காலை வெயில் விழும். மதியச் சோற்றை அங்கேதான் சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டு விசிறிக்குக் கீழே பாயை விரித்துக் கொஞ்சம் காலை நீட்டுவாள். “மகளுக்கு இந்த அறை, எங்களுக்கு அந்த அறை” என்று என்னிடம் ஒருநாள் கைகாட்டினாள். ஏதோ நாளைக்கே குடிவரப் போகிறவள் மாதிரி.

இந்த நிலையில் அவர்கள் குடியிருந்த அறையின் சொந்தக்காரர், அந்தப் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாக எழுப்பப் போவதாகவும், மகளின் பரீட்சை முடிந்ததும் காலி செய்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அதே மாதத்தில்தான் அரசாங்கம் அறிவித்தது. நாட்டில் ஒரு பக்கம் ஆள் இல்லாத வீடு, இன்னொரு பக்கம் வீடு இல்லாத ஆள். ஆகவே இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளை அரசே எடுத்து, அந்தந்தப் பகுதியில் சொந்த வீடில்லாமல் இருப்பவர்களுக்குத் தவணையில் கொடுக்குமாம். தங்கை முதல் ஆளாகப் போய் எழுதிக் கொடுத்தாள். நாலாம் மாடிக் கடைசி வீடு என்று குறிப்பிட்டே கேட்டாள்.

“கெடைச்சிடும்ணே. அந்த வீடு காலியா இருக்குன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?”

மாப்பிள்ளைகூட அன்று கிண்டல் செய்யவில்லை. சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று மகளோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். என் லாரிதான் அந்தக் கட்டடத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. கீழே கரண்ட் மீட்டர் பலகை முன்னால் நின்று, அவர் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

“நாலாவது மாடி, கடைசி வீடு. இங்க நல்லா குடும்பம் நடத்துறாங்க போல. பக்கத்து வீட்டையெல்லாம்விட ஜாஸ்தி ஓடியிருக்கு.”

தங்கை முன்னால் வந்தாள். “அதுல யாரும் இல்ல சார். நான்தான் ஃபேன் போட்டு விடுவேன். தண்ணி தெறந்து விடுவேன்.”

“எல்லா வீட்டுலயுமா?”

“எல்லா வீட்டுலயும்தான் சார். இல்லன்னா வீடு கெட்டுடும்.”

அவர் பெருமூச்சு விட்டார். “மீட்டர் ஓடியிருந்தா ஆள் இருக்குன்னுதான்மா விதி.”

எனக்குப் பொறுக்கவில்லை. “மேல வந்து கண்ணால பாருங்க சார். அடுப்பு இருக்கா, கட்டில் இருக்கா?” என்றேன். பெரிய மனிதர்கள் முன்னால் பேச நான் என்றைக்கும் தயங்கியவன் இல்லை. அழைத்தும் போனேன். தங்கைதான் பூட்டைத் திறந்தாள்.

தரை பளபளவென்று இருந்தது. அதிகாரி சன்னல் விளிம்பில் விரலை இழுத்துப் பார்த்தார், தூசி இல்லை. குழாயைத் திருகினார், கண்ணாடி மாதிரித் தண்ணீர் வந்தது. மூலையில் சுருட்டிய பாய். அடுப்படி மேடையில் அவளுடைய சோற்று டப்பா.

“பூட்டிக் கெடக்குற வீடு இப்படியா சார் இருக்கும்?” என்றார் பின்னாலேயே வந்த மானேஜர்.

“அது என் டப்பா சார்” என்றாள் தங்கை.  அதிகாரி கெட்டவர் அல்ல. “நீங்க சொல்றத நான் நம்புறேன்மா. நான் நம்பி என்ன பிரயோஜனம்?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தக் கட்டடத்தில் ஒரு வீடுகூடக் காலி இல்லை என்று பதிவானது. அவள் விண்ணப்பம் திரும்பி வந்தது.

மானேஜர் மட்டும் அவளைப் பாராட்டினார். “ஓனருங்க எல்லாரும் உங்களுக்குத்தான் கடமைப்பட்டிருக்காங்க சாவிக்கா.”

அன்று அவர்கள் அறையில் நான் ஒரு யோசனை சொன்னேன். “இனிமே அந்த வீட்டைத் தொடாத. மீட்டர் அப்படியே நிக்கட்டும். ரெண்டு வருஷம் போனா திரும்பக் கேக்கலாம்.”

“ரெண்டு வருஷத்துல அது அழுகிடும்ணே. அத என் கையால செய்யச் சொல்றியா?”

“வேற வழி? சரி, கெளம்பி என் வீட்டுக்கு வாங்க. இடமா இல்ல?”

“மூணு மருமகளுக்கு நடுவுல நாலாவது அடுப்பு எங்கண்ணே வெப்பே?” என்றாள். அதுவும் உண்மைதான். நான் கட்டிய வீட்டில் மூன்று மகன்களும் குடும்பத்தோடு நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களாலும் ஒரு வீடு வாங்க முடியவில்லை. நானும் அவர்களிடம் வீடு கட்டிய கதையைச் சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை பஞ்சர் கடையை மூடினார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. தங்கை விடிவதற்கு முன்பே கிளம்பி அதே வேலைக்கு வருகிறாள். மதியச் சோற்றை இப்போது மோட்டார் அறை ஓரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.

நான் லாரியை நிறுத்திக் குழாயை மாட்டுவேன். தண்ணீர் மேலே ஏறும். கொஞ்ச நேரத்தில் சுவரோரம் அது கழிவாகக் கீழே இறங்கும் சத்தம் கேட்கும். யாரும் குடிக்காத, யாரும் குளிக்காத தண்ணீர். சத்தத்தை வைத்தே அவள் எந்த மாடியில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. நாலாம் மாடியில் கடைசியாக ஒரு குழாய் திறக்கும். இன்றைக்கும் மற்ற வீடுகளைவிட அது சற்று அதிக நேரம்தான் ஓடுகிறது.