நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அம்மை

பிள்ளைகளா, ஒரு வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் அந்தத் தெருவே எப்படி நடுங்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே வளர்ந்தது நல்லதுதான். இருந்தாலும் அந்தப் பங்குனியில் நம் வீட்டில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்போது திண்டுக்கல்லில் தோல் மண்டிகள் இருந்த பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் ஒரு முஸ்லிம் பாயின் தோல் மண்டியில் தோலுக்கு உப்புப் போடும் வேலை பார்த்தேன். உங்கள் பெரியக்கா தவழ்கிற பிள்ளை. நீங்கள் யாரும் பிறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

அந்தப் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குத்தான் பெரியம்மை போட்டது. அவன் அப்பா லாரியில் போனவர், திரும்பவில்லை. அவன் அம்மா ஒருத்தியாகக் கிடந்து பார்த்துக்கொண்டாள். நகராட்சிக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் அம்மனைக் காட்டிக்கொடுத்த மாதிரி என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது; சுவர் ஒன்று என்பதால் எங்கள் வீட்டிலும் தாளிப்பது நின்றது. தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் எல்லாம் உப்பும் புளியுமாகத்தான்.

சாப்பாடு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதே வேலையாக இருந்தது. அவளுக்கு அம்மை குத்தியும் குத்தாத கணக்குத்தான். தை மாதத்தில் குத்தினார்கள். குத்தினவர் தெருமுனை திரும்புவதற்குள் உங்கள் அம்மா அடுப்புச் சாம்பலைத் தேய்த்துத் துடைத்துவிட்டாள். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் செய்ததுதான். கன்னிவாடியில் அவள் தம்பிக்குக் குத்திய இடம் சீழ் பிடித்துக் கை சூம்பிப் போயிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவளை என்ன சொல்ல முடியும்?

எப்படியோ செய்தி கசிந்து, ஒரு வெள்ளிக்கிழமை அம்மை குத்துகிறவர் மறுபடி வந்தார். மண்டிக்கு விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். தெருக்குழாயடியில் ஒரு பெண் அவரை மடக்கினாள்.

"வாங்க ஊசிக்காரரே! மொதல்ல ஒங்க மாமியாளுக்குக் குத்திட்டு வந்தீங்களா?"

"அவளுக்குக் குத்துனா ஊசியில்ல வளைஞ்சுரும் தாயி!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தியும் கையை நீட்டவில்லை.

அவர் எங்கள் வாசலுக்கு வந்ததும் குழந்தையைத் தூக்கினேன். உடம்பு லேசாகச் சுட்டது. ஊசிக்காரர் குழந்தையின் கண், வாய், முதுகு எல்லாம் பார்த்தார்.

"பல்லு மொளைக்கிற சூடாட்டம் இருக்கு. இன்னைக்கே குத்திக்கிருங்கப்பா. நாளையிலருந்து என்னைய வேற வார்டுக்குப் போட்டுட்டாங்க."

உங்கள் அம்மா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா, ஆத்தா பக்கத்துல எறங்கியிருக்கும்போது பிள்ளை மேல இரும்பு படலாமா?"

"எறங்கியிருக்கும்போதுதான் குத்தணும்" என்றேன்.

"ஒங்களுக்கென்ன, சொல்லிட்டு மண்டிக்குப் போயிருவீங்க. ஆத்தா கோவிச்சா நானுல்ல பாக்கணும்?"

குழந்தையைப் பறித்து அதன் கையை நீட்டியிருக்கலாம். ஆனால் நான் வெளியே போனதும் சாம்பல் அடுப்பிலேயேதானே இருக்கும்? அவளாகச் சம்மதித்தால்தான் அந்தக் குத்துக்கு அர்த்தம்.

அம்மை கண்ட பிள்ளையைப் பெற்றவளை, குணமாகித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும், நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவள் வாயில் வருவது அம்மன் சொல். அதுதான் நினைவுக்கு வந்தது.

"நானும் சொல்லலை, ஊசிக்காரரும் சொல்லலை. செவத்துக்கு அங்கிட்டுக் கேளு. வேண்டாம்னு சொன்னா இவரை அனுப்பிருறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அந்தப் பெண்ணும் எங்களைப் போலத்தானே! வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

உங்கள் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். "ஆத்தா, எம் பிள்ளைக்கு ஊசிக்காரர் வந்துருக்காரு. குத்திக்கலாமா?"

அந்தப் பக்கம் வேப்பிலை வீசிய சத்தம் நின்றது. பையனின் முனகல் மட்டும் கேட்டது. ஊசிக்காரர் பெட்டியைத் திறந்தவர், மறுபடி மூடிவிட்டார்.

"என்னைய எதுக்குடி ஆத்தாங்குற?" என்று குரல் வந்தது. "புள்ளைய வாழையெலையில போட்டுட்டு உக்காந்துருக்கேன். பொரண்டு படுத்தா தோலு எலையோட வருது. நானும் ஒன்னைய மாதிரித்தான் தையில சாம்பல வச்சுத் தொடச்சேன். குத்துடி! குத்திட்டு, அந்தச் சாம்பலை அள்ளித் தெருவுல கொட்டு!"

உங்கள் அம்மா அப்படியே உட்கார்ந்து, குழந்தையின் சட்டையை அவளே கழற்றினாள். அவர் ஊசியை வைத்துத் திருகும்போது குழந்தை வீறிட்டது. நான் உங்கள் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை அடுப்புப் பக்கம் போகவில்லை.

குத்தின இடத்தில் கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பினால்தான் பிடித்தது என்று அர்த்தம். முதலில் ஒன்றும் காணோம். அப்புறம் காய்ச்சல் மட்டும் ஏறியது. குத்தினதால் வந்த காய்ச்சலா, சுவர் தாண்டி வந்ததா, யாரால் சொல்ல முடியும்? அந்தக் கவலையில், மண்டியில் ஒரே தோலுக்குத் திரும்பத் திரும்ப உப்பை அள்ளிப் போட்டிருக்கிறேன்.

"என்னப்பா, தோலைப் பதப்படுத்துறியா, ஊறுகா போடுறியா?" என்றார் முதலாளி பாய். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "இங்க நிக்காத, போ. அல்லா பாத்துக்குவான்."

ஓட்டமும் நடையுமாக வந்தேன். உங்கள் அம்மா குழந்தையை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தாள். குத்தின இடத்தில் முத்துப்போல ஒரு கொப்புளம். பிறகு குழந்தையை முன்னும் பின்னும் திருப்பி, அக்குள், உள்ளங்கால் எல்லாம் விரித்துக் காட்டினாள். வேறெங்கும் ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டுப் பையனும் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, அவன் கிடந்த பாய், துணி, வேப்பிலை எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டி வாசலில் வைத்திருந்தாள் அவன் அம்மா. அந்த மூட்டையைத் தொட ஆளில்லை. நான் பள்ளிக்கூடத்திலேயே அம்மை குத்திக்கொண்டவன் என்பதால் என்னைக் கேட்டாள்.

"கொளத்துல விட்டுருங்கண்ணே. ஆத்தா குளுந்து போகட்டும்."

அதுதான் வழக்கம். தூக்கிக்கொண்டு போனேன். கோடையில் குளம் சுருங்கி நடுவில் கொஞ்சம் தண்ணீர்தான் கிடந்தது. கரையோரம் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடிக்க மொண்டுகொண்டிருந்தார்கள். புண்ணிலிருந்து உதிர்ந்த பொருக்கிலும் அம்மை இருக்கும் என்று ஊசிக்காரர் சொல்லியிருந்தார். தண்ணீர்ப் பக்கம் நான் இறங்கவே இல்லை.

கரைக்கு அப்பால், ஆள் நடமாட்டமில்லாத கருவேலங்காட்டுக்குள் போனேன். மூட்டையைக் கீழே வைத்து, அதன்மேல் ஒரு சூடம் ஏற்றிக் கும்பிட்டேன். பாய் பற்றிக்கொண்டது. கடைசி வேப்பிலையும் கருகும் வரைக்கும் நின்று, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மூடினேன்.