மெல்போர்ன்ல ஒரே ஒரு ஷாட்

ஒருத்தர் வேணாம்னா நீங்க எத்தன தடவ கெஞ்சுவீங்க? நம்மூர்ல மூணு தடவையாவது கெஞ்சினாதான் மரியாதை.

மெல்போர்ன்ல குடியேறின ஹங்கேரிக்காரங்களோட ஃபுட்பால் கிளப் கிரவுண்டு, ஒரே சேறு. ஒரு காலத்துல ஹங்கேரி டீமுக்கு நடுவுல ஆடி மேட்சையே ஆட்டிவச்ச மனுஷன் இங்க கோச்சா நிக்கிறாரு. என் கேமராவுல கடைசி ஃபிலிம்தான் பாக்கி.

"சார், ஒரே ஒரு ஷாட் அடிங்க."

"வேணாம்பா, முட்டி போயிடுச்சு."

"சும்மா சொல்லாதீங்க சார்."

மறுபடியும் வேணாங்கிறாரு. நான் பந்த அவர் காலடிக்கே உருட்டி விடுறேன். டீமே திரும்பிப் பாக்குது. வேற வழியில்லாம கால வீசுறாரு, சேத்துல விழுறாரு. ஒருத்தனும் சிரிக்கல.

கீழ கிடந்துக்கிட்டே, "படம் வந்துச்சா?"ங்கிறாரு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

இப்போ ரெண்டு பிளேயருங்க அவரத் தூக்கி பெஞ்சுல உக்கார வைக்கிறாங்க.