கல்லுக்குக் குனிகிறவர்

கோதண்டபாணி குனிகிறார். கையில் கல் இல்லை, எடுக்கவும் போவதில்லை. குனிந்த மாத்திரத்தில் வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து குரங்குக் குடும்பம் மொத்தமும் வேலியேறி ஓடுகிறது. பக்கத்து மீன்குட்டையில் நிற்கும் மடையான் மட்டும் அசையவில்லை. மண் நிறத்துக் கொக்கு அது. சேற்றோடு சேறாக நிற்கிறது.

“கொரங்கு தேவலாம்பா. கத்தினே வரும், புடுங்கும், தோல நம்ம எதிர்லயே துப்பும். இது? பூசை பண்றாப்புல நிக்கும். பறந்தாத்தான் உள்ள இருக்கற வெள்ளையே தெரியும். இதாலதான் பேஜார் ஜாஸ்தி” என்பார்.

தன் ஊரான ஆலங்காயத்துக்காரர்களையும் அவர் இப்படித்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். விதைக்கடலை விற்பவர் குரங்கு. மீன்குஞ்சு கொண்டுவரும் ரஃபி அகமது கொக்கு; பேசாமல் கொடுத்துவிட்டுப் போகிற மனிதரை எப்படி நம்புவது? சொந்தத் தம்பி எந்தப் பக்கம் என்று இன்னும் விசாரணை நடக்கிறது.

மகள் ஹேமலதா ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். முதலில் வந்த வரன் வாய் ஓயாமல் பேசினான், குரங்கென்று அனுப்பிவிட்டார். இப்போது அவளே விரும்பி, உடன் வேலை செய்யும் செந்தில்குமாரை வரச்சொல்லியிருந்தாள். “இவரையும் வேணாம்னா வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்பா. வர்றவங்கள்லாம் ஒன்னு கொரங்கு, இல்லன்னா கொக்கு. மனுசனுக்கு நான் எங்க போறது?” என்று காலையிலேயே அழுதுவிட்டாள். பெற்ற மனசு கலங்கத்தான் செய்தது. சந்தேகம் தீரவில்லை.

செந்தில்குமார் வரப்பில் வந்து நின்றான். பேச்சில்லை. தண்ணீரையே பார்த்தான். கோதண்டபாணிக்குப் பொறி தட்டியது: கொக்கேதான். எதற்கும் இருக்கட்டும் என்று அவன் எதிரில் குனிந்தார்.

குரங்கென்றால் பின்வாங்க வேண்டும். கொக்கென்றால் அசையக் கூடாது. இவனோ தானும் குனிந்தான். “இன்னா மாமா, கல்லு வேணுமா? இருங்க” என்று கூழாங்கற்களாகப் பொறுக்கி, இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினான்.

அதற்குள் மாமாவாம். கோதண்டபாணி அவனை மேலும் கீழும் பார்த்தார். இப்படி ஒரு பிராணியை அவர் கண்டதில்லை. வீட்டு வாசலிலிருந்து ஹேமலதா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த உண்டிவில்லை உருவி அவனிடம் கொடுத்தார். “அந்தாண்ட கரைல போய் நில்லு. கொக்கப் பாத்துக்க.”

கற்களை மட்டும் ஒன்றுவிடாமல் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.