காதர் அண்ணனின் கன்னத்தில் ஒதுங்கிய ரிவிட்டுகள்

மட்டாஞ்சேரி, தோப்பும்படி வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் படகுப் பட்டறையின் ஐஸ் பெட்டி சென்ற செவ்வாய் முதல் நாறுவதில்லை.

காரணம், அதில் தன் வீட்டு இறாலைப் போட்டுவைக்கும் காதர் அண்ணன் திங்களன்று மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருடைய மச்சான் வந்து சொன்னபோது நான் பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்தியபடி நின்றிருந்தேன். கேட்ட பிறகும் கையை எடுக்க முடியவில்லை. அத்தனை நாற்றம்.

அவர் நல்லவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அசிங்கம் பிடித்தவர் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். இறால் தலை கிள்ளிய விரலால் காது குடைவார். அதே விரலை விட்டுச் சாயா கிளாஸைத் துடைத்து நமக்கு நீட்டுவார். அவருடைய டிரான்சிஸ்டரின் திருகில் எப்போதும் ஒரு மீன் செதில் ஒட்டியிருக்கும்.

வேலையில் இன்னும் மோசம். படகுக்குள் அவர், அடியில் மல்லாந்து நான். தகடுகளை இணைக்கும் துளையில் அவர் ரிவிட் ஆணியைச் செருகி அடிக்க, கீழே நான் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுப்பேன். முனை நசுங்கித் தலையாக விரியும். கூடவே அவர் எச்சிலும் துளை வழியே சொட்டி என் நெற்றியில் விரியும். ஏனென்றால் தையல்காரர் குண்டூசியைக் கவ்வுவதுபோல ஒரு பிடி ரிவிட்டுகளைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். “வாயில இருந்தா கைக்குப் பக்கம்டா” என்பார்.

ரிவிட் என்றால் சாதாரண ரிவிட் இல்லை, அலுமினியக் கலவை. உலையில் காய்ச்சி உடனே தண்ணீரில் முக்கினால் எஃகு விறைத்துக்கொள்ளும். இது மெழுகுபோல இளகிக் கிடக்கும். வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக முறுக ஆரம்பிக்கும். ஐஸில் வைத்தால் மறுநாள்வரை இளக்கம் நிற்கும். பெட்டி இருப்பது அதற்குத்தான், இறாலுக்கு இல்லை. இதைச் சொன்னால், “ஐஸுக்குத் தெரியுமாடா எது இறால், எது ரிவிட்டுன்னு?” என்பார்.

ஒரு மழைக்காலத்தில் பயணிகள் படகு ஒன்று வேலைக்கு வந்தது. அடித்த தலையெல்லாம் விண்டு போயிற்று. அண்ணனுக்குக் கை தளர்ந்துவிட்டது என்று முதலாளி முடிவு கட்டினார்.

“நாளைக்கு ஒரு தலை வெடிச்சாலும் நீ இனி வரண்டா, காதரே.” வேலைக்கு வரவே வேண்டாம் என்பதை மலையாளம் கலந்து சொன்னார்.

அண்ணன் அன்று மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். “நடுங்குதாடா? பார்த்துச் சொல்லு.” நடுங்கவில்லை. கழுவிவிட்டுக் காட்டச் சொன்னேன்.

அவர் வேலையைக் காப்பாற்றியது நான்தான் என்பது தோப்பும்படி அறிந்த சரித்திரம். ஐஸிலிருந்து எடுத்ததை வாய்ச்சூட்டில் வைத்திருந்தால், அடிக்குமுன்பே முறுகி, அடி விழுந்ததும் விண்டு போகிறது என்று கண்டுபிடித்த விஞ்ஞானி அடியேன். மறுநாள் காலை ஐஸ் பெட்டியில் காந்தாரி மிளகாயை அரைத்துக் கலந்தேன். முதல் பிடியை வாயில் போட்டவர் என் ஏழு தலைமுறையையும் வரிசையாக விசாரித்தார். பிறகு ஒவ்வொன்றையும் இடுக்கியால் ஐஸிலிருந்து நேரே துளைக்குக் கொண்டுவந்தார். மாலைவரை ஒரு தலைகூட வெடிக்கவில்லை.

நீங்கள் எல்லாரும் என் முதுகில் தட்டியிருக்கிறீர்கள். இப்போது அவர் இல்லை என்பதால் சொல்கிறேன். வாய்ச்சூடு விஷயம் அன்று மாலை முதலாளி முந்தின நாள் விண்ட தலைகளை உருட்டிப் பார்த்து யோசித்துச் சொன்னது. “இதுக்காகத்தானா மிளகாய் போட்டே?” என்று அவரே கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையில் அந்த எச்சில் இன்னொரு நாள் என் நெற்றியில் விழுந்தால் வாந்தி எடுத்துவிடுவேன் என்றுதான் போட்டேன். அண்ணனோ வெந்த நாக்கோடு கடை கடையாகப் போய், “பய மூளைக்காரன், என் சோத்தைக் காப்பாத்திட்டான்” என்று சொல்லிவந்தார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெயர்தான். திருப்பிக் கொடுக்கலாம் என்றால், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.