கபுறின் மேல் முளைத்த பாத்தீனியம்

சித்தி லெய்லா றாத்தா சும்மா உட்கார்ந்திருந்து நான் கண்டதில்லை. கலியாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் கோரையைக் குனிந்து பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே போவார். வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிடும். மாம்புரியில் இருபது வருடமாக நான் அவருக்குப் பக்கத்து வளவு. என் முற்றத்தையும் கேட்காமலே துப்புரவாக்கித் தருவார். நன்றி சொல்வதா, கோபிப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருடைய வளவில் கத்தரியும் வெண்டியும் கொச்சிக்காயும் வரிசை பிசகாமல் நிற்கும். வேலிக்கு அந்தப் பக்கம் மையவாடி. போன வருடம் மாசியில் மௌத்தான அவருடைய கணவர் ஹயாத்து முகம்மது நானாவை அங்கேதான் அடக்கினார்கள். வேலியிலிருந்து நாலாவது கபுறு.

கணவனை இழந்த பெண் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் றாத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள்ளே. அந்த மனுசிக்கு அது பெரிய சோதனை. கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றியாச்சா என்று கேட்டுக் கேட்டே என் உயிரை எடுத்தார். ஊற்றினேன். களை பிடுங்கவில்லை, அது என் பிழைதான். லொறியில் வந்த ஆட்டெருவோடு பாத்தீனியமும் வந்திருந்தது எனக்குத் தெரியாது. சின்னச் சின்ன இலைகளோடு பார்க்க அழகாக வேறு இருந்தது.

சித்திரை மழையில் நானாவின் கபுறு இறங்கிவிட்டது. மண் போட வேண்டும் என்று மையவாடியைப் பார்த்துக்கொள்ளும் பதுர்தீன் வந்து சொன்னார். கத்தரிப் பாத்தி மண்ணையே அள்ளச் சொல்லி றாத்தா உள்ளேயிருந்து சொல்லிவிட்டார். எருப் போட்ட நல்ல மண், கணவனுக்கல்லவா. இரண்டு உரப்பை நிறையப் போனது.

இத்தா முடிந்து வெளியே வந்தவர் தோட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் பிடுங்கிப் பிடுங்கி எரித்தார். கழுத்தெல்லாம் தடித்துச் சொறிந்தது. நாலாம் நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நானாவின் கபுறின் மேல் முழங்கால் உயரத்துக்கு அதே செடி, வெள்ளையாகப் பூக்கத் தொடங்கியிருந்தது.

எங்கள் பக்கத்தில் கபுறின் மேல் முளைத்த பச்சையை யாரும் பிடுங்குவதில்லை. அது பச்சையாக நிற்கும்வரை அல்லாஹ்வைத் துதித்துத் தஸ்பீஹ் செய்யும், உள்ளே இருப்பவருக்கு வேதனை லேசாகும் என்பார்கள். பெண்கள் மையவாடிக்குள் போவதுமில்லை; தான் கைவைக்க மாட்டேன் என்று பதுர்தீனும் சொல்லிவிட்டார். விட்டால் ஒரு காற்றுக்கு விதை ஊரெல்லாம் போகும். றாத்தா சோறு தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் வேலியோரம் நடந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நஞ்சுச் செடியும் தஸ்பீஹ் செய்யுமா என்று கேட்டேன்.

"அதையும் அல்லாஹ்தானே படைச்ச," என்றார் றாத்தா. "அங்க அவருக்கு அது மட்டும்தான் துணையோ என்னவோ."



மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பதுர்தீனை வேலிக்கு அழைத்தார்.

"புடுங்குங்க தம்பி. அது ஓதுறதெ நான் ஓதுறன்."

பதுர்தீன் கபுறடிக்குப் போனார். பிறகு பிஸ்மி சொல்லி வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக் கொடுத்தார். றாத்தா அதையும் எரித்தார்.

அன்றிலிருந்து பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வேலியோரம் கதிரை போட்டுத் தஸ்பீஹ் மணியோடு உட்காருகிறார். உட்காருவது அவருக்கு லேசான வேலை இல்லை. கால் ஆடிக்கொண்டே இருக்கும், கண் பாத்தி பாத்தியாக மேயும். நேற்று அறுபதோ எழுபதோ ஓதியிருப்பார், காலடியில் ஒரு கோரை முளையைக் கண்டுவிட்டார். கை தானாகப் போய்ப் பிடுங்கிவிட்டது. மணியைப் பார்த்தார். எதில் விட்டோம் என்று தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க," என்றார், நாலாவது கபுறைப் பார்த்து. "முதல்லருந்து ஓதுறன்."